கல்வி ஆய்வில் பயனையும் பிழையையும் எடைபோடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கல்வி ஆய்வு ஒன்று கைக்கு வந்ததும் இரண்டு விதமான பேச்சு எழும். "மாதிரி சின்னது, முறை சரியில்லை, தூக்கிப் போடுங்கள்" என்பார் ஒருவர். "பிள்ளைகளுக்கு நல்லது என்று தெரிகிறதே, முறையைப் பிடித்துத் தொங்குவானேன்?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: இந்த ஆய்வை வைத்து யார், என்ன முடிவு எடுக்கப் போகிறார்? அது தெரியாமல் "இவ்வளவு பிழை பரவாயில்லை" என்றோ "இவ்வளவு பிழை கூடாது" என்றோ சொல்ல வழியே இல்லை. ஒரே ஆய்வு ஒரு முடிவுக்குத் தாராளமாகப் போதும், இன்னொரு முடிவுக்கு ஆபத்தாக முடியும்.

ஆய்வு செய்கிறவர்களுக்கும், ஆய்வைப் படித்து வகுப்பறையிலோ அலுவலகத்திலோ முடிவெடுக்கிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கலும் வர்க்கமூலமும் தெரிந்தால் போதும்.

படி 1: முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"மாணவர்களின் வாசிப்புத் திறனை அறிதல்" என்பது முடிவு அல்ல. "வாசிப்பில் பின்தங்கிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 30 நிமிடம் தனிக் குழுவாக உட்கார வைக்கலாமா என்று தலைமை ஆசிரியர் அடுத்த பருவத்துக்குள் சொல்லியாக வேண்டும்" என்பது முடிவு. இதில் ஆள் இருக்கிறார், கெடு இருக்கிறது, செய்யலாமா வேண்டாமா என்ற கிளை இருக்கிறது. ஆய்வின் முதல் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் எழுத முடியவில்லை என்றால், பிழையைப் பற்றிய மற்ற கேள்விகளை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவற்றுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

முடிவு எந்த மட்டத்தில் என்பதும் முக்கியம். ஒரு தனிப் பிள்ளையைப் பற்றிய முடிவா, ஒரு வகுப்பின் பழக்கத்தைப் பற்றியதா, ஒரு மாநிலத்தின் கொள்கையைப் பற்றியதா? இதை எண்களில் பார்த்தால்தான் உறைக்கும்.

100 மதிப்பெண் தேர்வு ஒன்று. திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 12. நம்பகத்தன்மைக் கெழு (மறுபடி வைத்தால் மதிப்பெண் எவ்வளவு ஒத்துப்போகும் என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண்) 0.84, பொதுவாக நல்ல தேர்வு என்று ஒத்துக்கொள்ளக்கூடிய அளவு. அளவீட்டின் திட்டப் பிழையை, அதாவது ஒரு மதிப்பெண் உண்மை நிலையிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதைக் கண்டுபிடிக்க, 1லிருந்து நம்பகத்தன்மையைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, திட்ட விலக்கத்தால் பெருக்க வேண்டும். 0.16இன் வர்க்கமூலம் 0.4. அதை 12ஆல் பெருக்கினால் 4.8. அதாவது 48 மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவியின் உண்மையான நிலை 43க்கும் 53க்கும் இடையில் இருக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. மீதி மூன்றில் ஒரு பங்கு அதற்கும் வெளியே. 50க்குக் கீழே வந்தால் துணை வகுப்பு என்று கோடு கிழித்திருந்தால், இந்த ஒரு தேர்வை மட்டும் வைத்து அந்தப் பெண்ணின் மேல் தீர்ப்பு எழுதுவது நியாயமே இல்லை.

அதே தேர்வை 30 பேர் கொண்ட வகுப்பின் சராசரிக்குப் பயன்படுத்துங்கள். 4.8ஐ 30இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.9. தேர்வின் அளவீட்டுப் பிழை ஒரு மதிப்பெண்ணுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கருவி அதேதான், ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணில் உள்ள பிழையும் அதேதான். ஒரு பிள்ளையை வகைப்படுத்த உதவாத தேர்வு, இரண்டு குழுக்களை ஒப்பிட நன்றாகவே உதவுகிறது. "இந்தத் தேர்வு நம்பகமானதா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பொருள் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் இந்தப் படியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: ஆய்வு இல்லாவிட்டால் முடிவு எதை வைத்து எடுக்கப்படும்? பெரும்பாலும் பழக்கத்தை வைத்து, அல்லது யாரோ ஒருவரின் அபிப்பிராயத்தை வைத்து. குறையுள்ள ஓர் ஆய்வை எடைபோடும்போது குறையே இல்லாத கற்பனை ஆய்வோடு ஒப்பிடுவது வீண். நடப்பில் அதன் இடத்தைப் பிடித்திருக்கும் ஊகத்தோடு ஒப்பிடுங்கள்.

படி 2: இரண்டு தவறுகளுக்கும் விலை போடுங்கள்

புள்ளியியல் படித்தவர்களுக்கு முதல் வகைப் பிழையும் இரண்டாம் வகைப் பிழையும் தெரியும். இல்லாத பயனை இருப்பதாகச் சொல்வது முதல் வகை. இருக்கிற பயனைத் தவறவிடுவது இரண்டாம் வகை. புள்ளியியலாளர்கள் நெய்மனும் பியர்சனும் 1930களின் தொடக்கத்தில் இந்தக் கட்டமைப்பை வகுத்தபோது, எந்தப் பிழை எவ்வளவு கெடுதல் என்பதைச் சூழ்நிலைக்கு ஏற்ப முடிவு செய்யும் பொறுப்பை ஆய்வாளரிடம் விட்டார்கள். நாளடைவில் அந்தப் பொறுப்பு மறைந்து, முதல் வகைக்கு 5 சதவீதம், இரண்டாம் வகைக்கு 20 சதவீதம் என்ற இரண்டு எண்கள் மட்டும் பழக்கமாக நிலைத்துவிட்டன.

20 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆய்வின் கண்டறியும் ஆற்றல், அதாவது இருக்கிற பயனைத் தவறவிடாத வாய்ப்பு, 80 சதவீதம் இருக்கட்டும் என்று புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹன் பரிந்துரைத்தார். முதல் வகைப் பிழை இரண்டாம் வகையைவிட நான்கு மடங்கு மோசம் என்று வைத்துக்கொண்டால் 5க்கு எதிரே 20 வரும் என்பதே அவர் சொன்ன காரணம். வேறு அடிப்படை இல்லாதபோது கைக்கொள்ள ஒரு வழக்கமாகத்தான் அவர் அதை முன்வைத்தார். அப்படியென்றால் நீங்கள் 5, 20 என்று கேள்வி இல்லாமல் போடும் ஒவ்வொரு முறையும், "இல்லாத பயனை நம்புவது, இருக்கும் பயனை இழப்பதைவிட நான்கு மடங்கு கெடுதல்" என்று ஒரு மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுகிறீர்கள். உங்கள் முடிவுக்கு அது பொருந்துகிறதா?

பல நேரம் பொருந்தாது. இரண்டு திட்டங்களை வைத்துப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள்.

முதல் திட்டம்: பாடம் முடிந்ததும் 10 நிமிடம் மாணவர்கள் நோட்டைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுவது. செலவு கிடையாது, பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரமே நிறுத்திவிடலாம். ஆய்வில் விளைவு அளவு (இரு குழுக்களின் வித்தியாசம், திட்ட விலக்கத்தின் எத்தனை பங்கு என்பது) 0.10, அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மை விளைவு இருக்கக்கூடிய எல்லை) −0.02 முதல் 0.22 வரை. பூஜ்ஜியம் உள்ளே வந்துவிட்டதால் வழக்கமான முறைப்படி "விளைவு இல்லை" என்று கட்டுரை முடிந்துவிடும்.

இரண்டாவது திட்டம்: பாடநூல்கள் முழுவதையும் மாற்றி, எல்லா ஆசிரியர்களுக்கும் மறுபயிற்சி கொடுத்து, பழைய முறைக்குத் திரும்பவே முடியாதபடி செய்வது. விளைவு அதே 0.10, இடைவெளி 0.01 முதல் 0.19 வரை. பூஜ்ஜியம் வெளியே போய்விட்டது, வெற்றி.

வழக்கத்தை அப்படியே பின்பற்றினால் முதலாவதைக் கைவிட்டு இரண்டாவதை ஏற்போம். யோசித்துப் பாருங்கள், தலைகீழாகத்தான் செய்திருக்க வேண்டும். முன்கூட்டிய சாய்வு எதுவும் வைக்காமல் கணக்கிட்டாலும், முதல் திட்டத்தின் விளைவு பூஜ்ஜியத்துக்கு மேலே இருக்க சுமார் 95 சதவீத வாய்ப்பு இருக்கிறது. தவறாகப் போனால் இழப்பது சில நிமிடங்கள். இரண்டாவதில் உண்மை விளைவு 0.02ஆக இருந்தாலும் அந்த இடைவெளிக்குள் அடங்கும், ஆனால் செலவு திரும்பி வராது.

ஆனால் "செலவில்லை, அதனால் கெடுதலும் இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் இளைஞர் ஆய்வை இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். 506 சிறுவர்கள். ஒத்த பின்னணி உள்ளவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, நாணயம் சுண்டி ஒருவரை உதவிக் குழுவிலும் மற்றவரை உதவி பெறாமல் ஒப்பீட்டுக்கு மட்டும் இருக்கும் கட்டுப்பாட்டுக் குழுவிலும் வைத்தார்கள். உதவிக் குழுவுக்கு ஆலோசகர்களின் வருகை, பாட உதவி, மருத்துவ உதவி, கோடை முகாம் என்று 1945 வரை கிடைத்தது. முப்பது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்பிடித்தபோது, உதவி பெற்றவர்களில் பலர் அது தங்களுக்கு நன்மை செய்தது என்று மனதாரச் சொன்னார்கள். பதிவேடுகளோ வேறு கதை சொன்னன. மீண்டும் குற்றம் செய்தல், மனநோய், இளவயதில் இறப்பு போன்ற பல அளவைகளில் அவர்கள் கட்டுப்பாட்டுக் குழுவைவிட மோசமாக இருந்தார்கள். 1978இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்த யாரும், நல்ல எண்ணத்தை நல்ல விளைவுக்குச் சான்றாக வைக்க மாட்டார்கள்.

ஆகவே விலைப் பட்டியலில் மூன்று வரி வேண்டும்: பயன் இல்லாததை ஏற்றால் யாருக்கு என்ன நட்டம், பயனுள்ளதை விட்டால் யாருக்கு என்ன நட்டம், கெடுதல் செய்வதை ஏற்றால் யாருக்கு என்ன நட்டம். மூன்றாவது வரி பெரிதாக இருந்தால், அதாவது பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பது, முத்திரை குத்துவது, ஓர் ஆண்டு பின்தள்ளுவது போன்ற விஷயங்களில், சான்றின் தரத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது.

படி 3: அளப்பது சரியான பொருளைத்தானா என்று பாருங்கள்

துல்லியமாக அளந்த தவறான பொருள், கரடுமுரடாக அளந்த சரியான பொருளைவிட ஆபத்தானது. ஏனென்றால் துல்லியம் நம்பிக்கையைக் கூட்டிவிடும்.

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல பாடம். கல்லூரி மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தார்கள். ஒரு பகுதியினர் அதையே மறுபடி படித்தார்கள், மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால், மறுபடி படித்தவர்கள் 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் 42க்கு எதிராக 56. முடிவு அப்படியே புரண்டுவிட்டது. பாடம் முடிந்தவுடன் மட்டும் அளக்கும் ஆய்வு, எவ்வளவு பெரிய மாதிரி எடுத்தாலும், யார் எந்தக் குழு என்பதைத் தற்செயலுக்கு விடும் வலுவான குலுக்கல் முறையைக் கையாண்டாலும், ஆசிரியரைத் தவறான பக்கம்தான் அனுப்பியிருக்கும். மாதிரியைக் கூட்டுவதால் இந்தப் பிழை குறையாது.

இன்னொரு வகைச் சறுக்கல், ஆய்வாளரே தயாரிக்கும் தேர்வு. சோதனைக் குழுவுக்கு எதைச் சொல்லிக் கொடுத்தார்களோ அதையே கேட்கும் தேர்வில் அந்தக் குழு முந்துவதில் வியப்பில்லை. சியுங், ஸ்லாவின் இருவரும் 2016இல் 645 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆய்வாளர் தயாரித்த தேர்வுகளில் விளைவு அளவு, பொதுத் தேர்வுகளில் கிடைப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. சிறிய மாதிரிகளிலும் அதேபோல இரு மடங்கு வீக்கம்.

பெஞ்சமின் புளூம் 1984இல், தனிப்பயிற்சி பெற்ற மாணவர்கள் சாதாரண வகுப்பு மாணவர்களைவிட 2 திட்ட விலக்கம் முன்னே இருக்கிறார்கள் என்று எழுதினார். கல்வி உலகில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் எண் அது. 2020இல் 96 குலுக்கல் முறை ஆய்வுகளைத் தொகுத்தபோது தனிப்பயிற்சியின் சராசரி விளைவு 0.37 என்று வந்தது. 0.37 என்பது கல்வியில் மிகப் பெரிய விளைவு, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 2ஐ எதிர்பார்த்துத் திட்டம் போட்டவர்கள் 0.37ஐத் தோல்வி என்று நினைத்துக் கைவிடுவார்கள். மிகையான எண் செய்யும் கெடுதல் இப்படியும் வரும்.

படி 4: தற்செயல் பிழையைக் கணக்கிடுங்கள்

பள்ளி ஆய்வுகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு இங்கேதான். 20 வகுப்புகள், வகுப்புக்கு 30 பேர், மொத்தம் 600 மாணவர்கள். பாதி வகுப்புகளில் புது முறை, பாதியில் பழைய முறை. "600 பேர், பெரிய மாதிரி" என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான், ஆனால் ஒரே பானையிலிருந்து 30 பருக்கை எடுத்தாலும் அது ஒரு பானையைப் பற்றித்தான் சொல்லும். ஒரே வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒரே ஆசிரியர், ஒரே நேரம், ஒரே சூழல். அவர்கள் 30 தனித்தனிச் சான்றுகள் ஆக மாட்டார்கள். மதிப்பெண் வேறுபாட்டில் வகுப்புக்கு வகுப்பு உள்ள பங்கு 0.2 என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் உள்ளவர் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து (29), 0.2ஆல் பெருக்கி (5.8), ஒன்றைக் கூட்டுங்கள்: 6.8. மாதிரி அளவை இதனால் வகுக்க வேண்டும். 600 பேர் 88 பேராகச் சுருங்கிவிட்டார்கள், குழுவுக்கு 44.

அந்த அளவில் இரு குழுக்களின் வித்தியாசத்துக்கான திட்டப் பிழை சுமார் 0.21 திட்ட விலக்கம். 95 சதவீத இடைவெளி இருபுறமும் 0.42. ஆய்வில் 0.2 என்ற விளைவு கிடைத்தால், உண்மை −0.22க்கும் 0.62க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

அப்புறம் என்ன வழி? முன்தேர்வு ஒன்று நடத்தி, அதைக் கணக்கில் சேர்ப்பது மிக மலிவான வழி. முன்தேர்வு மதிப்பெண் வேறுபாட்டில் பாதியை விளக்கினால் திட்டப் பிழை 0.15க்கு இறங்கும். இரண்டாவது வழி, வகுப்புக்கு 30 பேரைச் சோதிப்பதற்குப் பதில் 15 பேரை மட்டும் சோதித்து, வகுப்புகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது. மாணவர் எண்ணிக்கை அதே 600தான். ஆனால் வகுக்கும் எண் 3.8ஆகக் குறைகிறது, தனித்தனிச் சான்றாக எண்ணத்தக்க மாதிரி 158 ஆகிறது.

சரி, இடைவெளி அகலமாக இருந்தும் "குறிப்பிடத்தக்க" முடிவு, அதாவது முதல் வகைப் பிழைக்கான 5 சதவீத வரம்பைத் தாண்டிய முடிவு, வந்துவிட்டால் மகிழலாமா? கூடாது. புள்ளியியலாளர்கள் ஆண்ட்ரூ கெல்மனும் ஜான் கார்லினும் 2014இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நம் எடுத்துக்காட்டில் உண்மை விளைவு 0.10 என்று வையுங்கள். திட்டப் பிழை 0.21 என்றால், 5 சதவீத வரம்பைத் தாண்ட ஆய்வின் எண் குறைந்தது 0.42 ஆக இருக்க வேண்டும். அப்படியென்றால் வரம்பைத் தாண்டி நன்மை காட்டும் எந்த முடிவும் உண்மையைவிட நான்கு மடங்குக்கு மேல் ஊதியதாகத்தான் இருக்கும். அதோடு, வரம்பைத் தாண்டும் முடிவுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று, நன்மையைத் தீமை என்று திசையையே மாற்றிக் காட்டும். சின்ன ஆய்வில் கிடைக்கும் பெரிய வெற்றி கூடுதல் எச்சரிக்கைக்கான காரணம்.

படி 5: சாய்வு எந்தத் திசையில் தள்ளுகிறது என்று கேளுங்கள்

தற்செயல் பிழை இருபுறமும் ஆடும். சாய்வு ஒரே பக்கம் தள்ளும். கல்வி ஆய்வில் அடிக்கடி வரும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பின்தங்கியவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, "முன்பு–பின்பு" ஒப்பிடும் ஆய்வுகள் நிறைய வருகின்றன. படி 1இல் பார்த்த தேர்வையே எடுப்போம்: வகுப்புச் சராசரி 60, நம்பகத்தன்மை 0.84. தேர்ந்தெடுத்த பிள்ளைகளின் சராசரி 36, அதாவது வகுப்பைவிட 24 குறைவு. எதுவுமே செய்யாமல் மறுபடி தேர்வு வைத்தால் அந்த 24இல் 84 சதவீதம்தான், சுமார் 20தான், மிஞ்சும். சராசரி தானாகவே 40ஐத் தொடும். முதல் தேர்வில் உடம்பு சரியில்லாமல், கவனம் சிதறி, அதிர்ஷ்டம் இல்லாமல் கீழே போனவர்கள் மேலே வருவதால் கிடைக்கும் உயர்வு அது. பயிற்சிக்குப் பின் 41 வந்தால், அதில் பயிற்சியின் பங்கு ஒரே ஒரு மதிப்பெண். இதே கோட்டுக்குக் கீழே இருந்தும் பயிற்சி பெறாத ஒரு குழு இல்லாமல் இந்த வகை ஆய்வை நான் ஏற்கவே மாட்டேன்.

சிறிய பள்ளிகள் கதையும் தெரிந்திருக்க வேண்டும். தரவரிசையில் முதலிடங்களில் சிறிய பள்ளிகள் அதிகம் இருப்பதைப் பார்த்து, பள்ளியைச் சிறிதாக்கினால் கற்றல் உயரும் என்ற எண்ணம் அமெரிக்காவில் வலுப்பட்டது. கேட்ஸ் அறக்கட்டளை பெருந்தொகையைச் செலவிட்டது. ஹோவர்ட் வெய்னர், ஹாரிஸ் ஸ்வெர்லிங் இருவரும் பென்சில்வேனியாவின் தரவுகளைப் பார்த்து 2006இல் சுட்டிக்காட்டியது இதுதான்: கடைசி இடங்களிலும் சிறிய பள்ளிகள்தான் அதிகம். மாணவர் குறைவாக இருந்தால் சராசரி ஏறி இறங்கும், அவ்வளவே. பட்டியலின் மேல்பகுதியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

விருப்பத்தோடு முன்வரும் ஆசிரியர்கள், பாதியில் விடுபடும் மாணவர்கள் ஆகிய இரண்டும் இதே வகைதான். இவற்றை "ஆய்வின் வரம்புகள்" என்ற தலைப்பில் வரிசையாக எழுதிவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம் யாருக்கும் உதவாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் திசையை எழுதுங்கள்: இது விளைவைக் கூட்டிக் காட்டுமா, குறைத்துக் காட்டுமா? சோதனைக் குழுவிலிருந்து பலவீனமான மாணவர்கள் விலகியிருந்தால் விளைவு ஊதும். கட்டுப்பாட்டுக் குழு ஆசிரியர்களும் புது முறையைக் கேள்விப்பட்டுப் பின்பற்றத் தொடங்கியிருந்தால் விளைவு சுருங்கும். சுருக்கும் சாய்வு இருந்தும் விளைவு தெரிகிறது என்றால், குறை இருப்பதாலேயே அந்த ஆய்வை இன்னும் நம்பலாம். திசையைக் கேட்காமல் குறைகளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இப்படிப்பட்ட நல்ல ஆய்வுகளை வீணாக்கிவிடுகிறார்கள்.

படி 6: விளைவின் அளவைச் செலவோடு சேர்த்துப் படியுங்கள்

0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்ற கோஹனின் அளவுகோலைப் பள்ளி ஆய்வுக்கு அப்படியே பொருத்த முடியாது. மேத்யூ கிராஃப்ட் 2020இல், பொதுத் தேர்வுகளில் அளந்த குலுக்கல் முறை ஆய்வுகளுக்காக வேறு அளவுகோல் தந்தார்: 0.05க்குக் கீழே சிறியது, 0.05 முதல் 0.20க்குள் நடுத்தரம், 0.20உம் அதற்கு மேலும் பெரியது. அதோடு நிற்காமல், ஒரு மாணவருக்கு ஆகும் செலவையும், விரிவாக்குவது எவ்வளவு எளிது என்பதையும் சேர்த்தே பார்க்கச் சொன்னார்.

லோர்ட்டி-ஃபோர்கஸ், இங்லிஸ் இருவரும் 2019இல், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டு பெரிய அமைப்புகள் நடத்தச் சொன்ன 141 குலுக்கல் முறை ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். சராசரி விளைவு 0.06. நம்பிக்கை இடைவெளியின் சராசரி அகலம் 0.30. கவனமாக, பெருஞ்செலவில் நடந்த ஆய்வுகளிலேயே பல "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றுதான் சொல்ல முடிந்தது. புதிதாக ஆய்வு திட்டமிடுபவர்கள் 0.5ஐ எதிர்பார்த்து மாதிரி அளவைத் தீர்மானித்தால் முதலுக்கே மோசம்.

செலவைச் சேர்த்தால் கண்ணோட்டம் மாறும். டேவிட் யேகரும் பிறரும் 2019இல் வெளியிட்ட அமெரிக்க தேசிய ஆய்வில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக, இணைய வழியாக, அறிவுத்திறனை வளர்க்க முடியும் என்பதைப் பற்றிப் படித்தார்கள். 12,000க்கும் மேற்பட்டவர்கள். மதிப்பெண் குறைந்தவர்களின் தரப்புள்ளி சராசரி (பாடங்களில் வாங்கிய தரங்களின் சராசரி, GPA) 0.10 புள்ளி உயர்ந்தது. தனியாகப் பார்த்தால் அற்பம். ஒரு மணி நேரத்துக்கு அந்த அளவு கிடைப்பது அற்பம் இல்லை. அதற்காகப் பள்ளிச் சுவரெல்லாம் வாசகம் ஒட்டி, அதையே கல்விக் கொள்கையாக்குவதற்கும் அந்த 0.10 இடம் தரவில்லை.

படி 7: அந்த விளைவு உங்கள் இடத்துக்கு வருமா?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை, வகுப்பைச் சிறிதாக்கினால் பயன் உண்டா என்று பார்க்க நடந்த ஸ்டார் ஆய்வு கல்வி ஆய்வின் பெருமைகளில் ஒன்று. 79 பள்ளிகள், நான்கு ஆண்டுகளில் சுமார் 11,600 மாணவர்கள். மாணவர்களையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில், 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்புகளுக்கும் 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்புகளுக்கும் பிரித்தார்கள். சிறு வகுப்புகளில் சுமார் 0.2 திட்ட விலக்கம் முன்னேற்றம். பிழை குறைந்த, கேள்வி தெளிவான ஆய்வு.

1996இல் கலிஃபோர்னியா தொடக்க வகுப்புகளை ஏறத்தாழ 30 பேரிலிருந்து 20ஆகக் குறைக்க மாநிலம் முழுவதும் ஒரே வேகத்தில் இறங்கியது. திடீரென்று பல்லாயிரம் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். முழுத் தகுதி பெறாதவர்களின் விகிதம் பல மடங்கு கூடியது. வசதியான பகுதிகளில் புதிதாகத் திறந்த இடங்களுக்கு அனுபவசாலிகள் போய்விட, ஏழைப் பகுதிப் பள்ளிகள்தான் அதிகம் அடிபட்டன. டென்னசியில் கண்ட தெளிவான முன்னேற்றம் இங்கே கிடைக்கவில்லை. டென்னசி ஆய்வு பொய்யில்லை. ஆசிரியர் தரம் மாறாமல் வகுப்பு மட்டும் சிறிதானால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அது சரியான விடை. கலிஃபோர்னியா கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு.

கென்யாவில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. ஒப்பந்த ஆசிரியர்களை நியமிக்கும் திட்டத்தை, ஒரே ஆய்வுக்குள், சில பள்ளிகளில் தன்னார்வ அமைப்பும் சில பள்ளிகளில் அரசும் நடைமுறைப்படுத்தின. தன்னார்வ அமைப்பு நடத்திய இடத்தில் மதிப்பெண் உயர்ந்தது. அரசு நடத்திய இடத்தில் விளைவு எதுவும் இல்லை.

ஆகவே ஓர் ஆய்வைப் படிக்கும்போது, விளைவு நிகழ என்னென்ன இருந்தாக வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுங்கள்: யார் நடத்தினார், எவ்வளவு மேற்பார்வை, ஒப்பிட்ட "வழக்கமான முறை" எப்படி இருந்தது, ஆசிரியருக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது. ஒவ்வொன்றும் உங்கள் இடத்தில் இருக்கிறதா? வேறு இடத்தில் மறுபடி செய்து பார்த்த ஆய்வு இருந்தால் அதற்கு இரட்டை மதிப்புக் கொடுங்கள். அது அரிது. மேகலும் பிளக்கரும் 2014இல், கல்வித் துறையின் முன்னணி 100 இதழ்களில் மறுசெய்கை ஆய்வுகள் 0.13 சதவீதம் மட்டுமே என்று கண்டார்கள். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் வேண்டும் என்று நினைக்காமல், இந்த வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

படி 8: எண்கள் இல்லாத ஆய்வு என்றால்

நேர்காணல், வகுப்பறைக் கவனிப்பு போன்ற ஆய்வுகளுக்கும் இதே வரிசைதான், கணக்கு மட்டும் வேறு. யாரிடம் கேட்கவில்லை? பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளிடம் கேட்காமல் இடைநிற்றலைப் பற்றி எழுதினால் அந்தப் பிழைக்கு மாற்றே இல்லை. ஒரே குறிப்பை இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்தினால் ஒத்துப்போகிறதா? தன் விளக்கத்துக்கு எதிரான ஓர் ஆளையாவது ஆய்வாளர் தேடினாரா? "ஏன் இந்தத் திட்டம் இந்தப் பள்ளியில் நடக்கவில்லை?" என்ற கேள்விக்கு, 12 ஆசிரியர்களிடம் நன்றாகப் பேசிய ஆய்வு 1,200 பேரின் கருத்துக் கணிப்பைவிடப் பயன் தரலாம். "எத்தனை சதவீதம் பேர்?" என்று கேட்டால் அதே ஆய்வு ஒன்றும் சொல்லாது.

படி 9: முடிவெடுத்து, திரும்பிப் பார்க்க நாள் குறியுங்கள்

இப்போது கையில் இருப்பவை: முடிவு, மூன்று நட்டங்கள், அளவை, இடைவெளி, சாய்வின் திசை, செலவு, சூழல். இவற்றை ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டிவிடாதீர்கள், கூட்டினால் எது எதைச் சுமக்கிறது என்று தெரியாமல் போகும்.

மலிவானது, திரும்பப் பெறக்கூடியது, கெடுதல் வாய்ப்பு குறைவு என்றால், நிச்சயமில்லாத சான்றோடும் தொடங்கலாம். செலவு பெரிது, திரும்ப முடியாது என்றால் இடைவெளியின் கீழ்முனையை மட்டும் வைத்துக் கேளுங்கள்: உண்மை அந்தக் கீழ்முனையாகவே இருந்தாலும் இதைச் செய்வோமா? "ஆம்" என்று வந்தால் செய்யலாம். கெடுதல் வாய்ப்பு உண்டு என்றால், யாருக்குக் கெடுதல் வரக்கூடுமோ அவர்களைத் தனியாக அளந்த சான்று வரும்வரை காத்திருங்கள், மொத்தச் சராசரி நன்றாக இருந்தாலும் சரி.

இந்த மூன்றிலும் அடங்காமல் நடுவில் நிற்கும் திட்டங்கள்தான் அதிகம். அவற்றுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. எப்படியும் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நாளில் தொடங்க ஆளும் பணமும் இருக்காது. யார் முதலில் என்பதைச் செல்வாக்குக்கு விடாமல் குலுக்கிப் போடுங்கள். முதலாண்டு தொடங்கிய பள்ளிகளுக்கு, காத்திருக்கும் பள்ளிகளே ஒப்பீட்டுக் குழு. யாருக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை, நியாயமும் கெடவில்லை, அடுத்த ஆண்டுக்கான சான்றும் கிடைத்துவிடுகிறது. தொடங்குவதற்கு முன்பே, எந்த அளவையைப் பார்ப்போம், எந்த எண் வந்தால் தொடர்வோம், எந்த எண் வந்தால் நிறுத்துவோம் என்று எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு எழுதினால், வந்த எண்ணுக்கு ஏற்றபடி கோடு நகர்ந்துவிடும்.

அறிக்கையில் "மேலும் ஆய்வு தேவை" என்று எழுதுவதற்குப் பதில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: இந்தச் சான்று எந்த முடிவுக்குப் போதும், எந்த முடிவுக்குப் போதாது, நம் முடிவு தவறானால் முதலில் யார் பாதிக்கப்படுவார், அதை எந்தத் தேதியில் யார் சரிபார்ப்பார். நான்காவதில் ஒரு பதவியையும் ஒரு நாளையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். அந்த நாளுக்கு முன் அந்தப் பதவியில் இருப்பவர் மாறினால், இந்தத் தாள் அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரும்படி, ஒப்படைப்புக் கோப்பின் முதல் தாளாகவே வைத்துவிடுங்கள்.